வேன் ஓட்ட ஆள் எடுக்குமுன் அவருடைய பழைய டிராபிக் கேஸ், கோர்ட் பதிவைப் பார்க்க வழி உண்டா?

விமலா, பிடோக்:

வணக்கம் எல்லாருக்கும். சிங்கப்பூரில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். வார நாளில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு, சனி ஞாயிறு என்றால் வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள். இருப்பது ஒரே ஒரு வேன். இத்தனை வருடமும் அதை ஓட்டியவர் என் தாய்மாமா. இப்போது அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்கிற வேலையே இனி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளி ஆள் தேடித்தான் ஆக வேண்டும்.

ஒருவர் வந்து பேசினார். ஐம்பதைத் தாண்டியவர், நிதானமான பேச்சு. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின் டயரைக் குனிந்து பார்த்து, "இதை இந்த மாதமே மாற்றிவிடுங்கள்மா" என்றார். மாமாவே கவனிக்காத விஷயம் அது. எனக்குப் பிடித்துவிட்டது. அவர் போன பிறகு, எங்கள் சமையல்கட்டில் காய் நறுக்கும் அக்கா காதோடு காதாக ஒன்று சொன்னார்: "அவர் மேல டிராபிக் கேஸ் இருந்துச்சு, கோர்ட்டுக்கெல்லாம் போனார்." என்ன கேஸ், எப்போது என்று கேட்டால் அக்காவுக்குத் தெரியவில்லை. பார்க்கிங் சம்மனாகவும் இருக்கலாம், குடித்துவிட்டு ஓட்டியதாகவும் இருக்கலாம். வயதில் பெரியவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கிறான். "உங்க ஊர் கோர்ட் தளத்தில் பேரைப் போட்டுப் பாரேன்" என்கிறான். அவனுடைய கவுன்ட்டியில் பெயரையோ டிக்கெட் நம்பரையோ தட்டினால் போதுமாம். என்ன குற்றம், எந்தத் தேதி, எவ்வளவு அபராதம், கட்டியாயிற்றா இல்லையா எல்லாம் வந்துவிடுமாம். நிறுத்தப் பலகையில் நிறுத்தாமல் போனதற்கு அவன் வாங்கிய டிக்கெட்டையே வீடியோ காலில் எடுத்துக் காட்டினான், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி.

நானும் இங்கே தேடினேன். நீதிமன்றத் தளத்தில் விசாரணைப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் இவர் பெயர் இல்லை. தீர்ப்புகள் இருக்கும் தளத்திலும் இல்லை. அப்படியென்றால் கேஸே இல்லை என்று அர்த்தமா? இல்லை, நான் தேடும் இடம் தவறா? வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர்கள் ஆள் எடுக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?


ரவி, செங்காங்:

அக்கா, கோர்ட் எதற்கு? டேஷ்கேம் வீடியோ போடுகிற பக்கங்களில் போய் அவர் முன்பு ஓட்டிய வண்டி நம்பரைத் தேடுங்கள். இந்த ஊரில் யாராவது ஒருத்தர் படம் பிடித்துப் போட்டிருப்பார். கீழே இருக்கும் கமென்ட்டைப் படித்தால் தீர்ப்பே கிடைத்துவிடும்.


முருகையா, துவாஸ்:

ரவி தம்பி விளையாடுகிறார், அதைச் செய்துவிடாதீர்கள். நம்பர் தெரிந்தால் வண்டி தெரியும், ஓட்டியவர் யாரென்று தெரியாது.

விமலா, நான் லாரி ஓட்டி, பிறகு லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவன். ஆள் எடுப்பதும் அனுப்புவதும் என் கையில்தான் இருந்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தம்பி சொல்கிற மாதிரிப் பெயர் போட்டுத் தேடும் வசதி சிங்கப்பூரில் இல்லை. சம்மன் என்பது டிராபிக் போலீசுக்கும் ஓட்டியவருக்கும் நடுவில் உள்ள விஷயம். நோட்டீஸ் வரும், கெடுவுக்குள் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலோ போனிலோ பணத்தைக் கட்டினால் அங்கேயே முடிந்துவிடும். கோர்ட் வாசலுக்கே போகாது. அப்படி அபராதம் கட்டி முடித்தது குற்றத் தீர்ப்பும் ஆகாது. நீங்கள் கோர்ட்டில் எவ்வளவு தேடினாலும் அது தென்படாது.

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒருவர் சிவப்பு விளக்கில் பாய்ந்து போகிறார் என்று வையுங்கள். வேன் மாதிரி சின்ன வண்டிக்கு 400 வெள்ளி அபராதம், 12 டிமெரிட் புள்ளி (குற்றத்துக்காக லைசென்ஸில் ஏறும் புள்ளி). மறுநாளே கட்டிவிடுகிறார். கோர்ட் பதிவு எதுவும் இல்லை, ஆள் சுத்தம். இன்னொருவர் ஏதோ சின்ன குற்றத்துக்கு வந்த நோட்டீஸைக் கட்டாமல் விட்டுவிடுகிறார். கெடு தாண்டியதும் கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. இவர் "கோர்ட்டுக்குப் போன ஆள்". உங்கள் சாம்பார் அண்டாவை யார் வண்டியில் ஏற்றுவீர்கள்? நான் இரண்டாவது ஆளின் வண்டியில்தான் ஏற்றுவேன். அதனால் உங்கள் சமையல்கட்டு அக்கா சொன்னதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கோர்ட்டுக்குப் போனார் என்பது மட்டும் ஒரு தகவலே இல்லை. எதற்குப் போனார் என்பதுதான் தகவல். நேராகவே கோர்ட்டுக்குப் போகும் குற்றங்களும் உண்டு: குடித்துவிட்டு ஓட்டுவது, ஆபத்தாக ஓட்டுவது, வேக வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் தாண்டுவது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே நேர்வழி, அவரையே காட்டச் சொல்வதுதான். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் போலீஸ் இணையச் சேவைக்குள் போனால் அவருடைய லைசென்ஸ் செல்லுபடியாகிறதா, எந்த வகுப்பு, டிமெரிட் புள்ளி எவ்வளவு, கட்டாத அபராதம் ஏதும் நிற்கிறதா என்று எல்லாம் தெரியும். சிங்பாஸில் இருக்கும் மைஇன்ஃபோ விவரத்திலேயே லைசென்ஸ் பகுதியில் மொத்தப் புள்ளி இருக்கும். அவர் போன், அவர் விரல், அவர் திறக்கிறார், நீங்கள் பார்க்கிறீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். தனிநபர் தகவல் சட்டம் இருக்கிறது, தேவையில்லாத தலைவலி. தவிர, படத்தை மாற்றவும் செய்யலாம்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புள்ளி 0 என்று இருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். 12 மாதம் தொடர்ந்து குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் பழைய புள்ளிகள் அழிந்துவிடும். போன வருடத்துக்கு முந்தின வருடம் என்ன செய்தார் என்பதை அந்த 0 சொல்லாது. அதே இடத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் பற்றி ஒரு வரி இருக்கும். 3 வருடம் சுத்தமாக ஓட்டியவருக்குத்தான் அது கிடைக்கும். காப்புறுதி நிறுவனங்கள் அதை வைத்துத்தான் கூடுதலாக 5 விழுக்காடு தள்ளுபடி தருகின்றன. 0 புள்ளியோடு அந்தச் சான்றிதழும் இருந்தால் ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 0 மட்டும் இருந்தால் "முன்பு ஏதும் இருந்ததா அண்ணே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்பதை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும், அதில் கூச்சமே கூடாது. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், முதல் தடவை 12 வாரம். சிவப்பு விளக்கு இரண்டு போதும் அதற்கு. கோர்ட்டே ஓட்டத் தடை போட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரு வருடமோ அதற்கு மேலோ தடை என்றால் தேர்வை முதலிலிருந்து எழுதி, ஓட்டிக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்க முடியும். பையில் பழைய அட்டை இருக்கும், அட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது. அட்டையை நம்பாதீர்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 35ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்டச் சொல்வதும் குற்றம். மாட்டிக்கொள்வது அவர் மட்டும் அல்ல, நீங்களும்தான். விபத்து என்றால் காப்புறுதியும் கைவிரிக்கும்.

அவருடைய பழைய கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இனிமேல் வரப்போகும் சம்மன் யார் பெயருக்கு வரும்? கேமரா பிடிப்பது நம்பர் தகட்டை. நோட்டீஸ் வண்டிச் சொந்தக்காரரான உங்களுக்குத்தான் வரும். அன்றைக்கு யார் ஓட்டியது என்று அதே சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி நீங்கள் கெடுவுக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஓட்டியது நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. யார் எப்போது ஓட்டினார் என்று பதிவு வைத்திருப்பதும் உங்கள் கடமை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சாவி மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று, பேனாவைச் சணல் கயிற்றில் கட்டி. தேதி, வண்டி நம்பர், சாவி எடுத்த நேரம், பெயர், கையெழுத்து, சாவி திரும்பிய நேரம். நடுவில் வேறு ஒருவர் பத்து நிமிடம் ஓட்டினாலும் தனி வரி. ஆரம்பத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் ஒரே லாரியை மதியம் இருவர் மாற்றி ஓட்டியபோது வேகச் சம்மன் வந்தது. நோட்டில் இருந்த நேரம் பார்த்து இரண்டே நிமிடத்தில் யாரென்று தெரிந்தது. அதன்பிறகு சில ஓட்டுநர்கள் நான் கேட்காமலே நோட்டில் தங்கள் வரிக்குக் கீழே கோடு போட்டு வைக்க ஆரம்பித்தார்கள்.


சாந்தி, பூன் லே:

முருகையா அண்ணன் சொன்னதற்கு மேல் கோர்ட் பக்கம் மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். தினமும் பார்ப்பதுதான்.

விமலாக்கா, நீங்கள் பார்த்த விசாரணைப் பட்டியல் அடுத்து வரும் விசாரணைகளுக்கு உரியது. இன்று எந்த அறையில் யாருடைய வழக்கு என்று சொல்வதுதான் அதன் வேலை. முடிந்துபோன வழக்கை அதில் தேடக்கூடாது. பெயரை வைத்து முடிவு கட்டுவதும் ஆபத்து. நம் ஆட்கள் பெயரை யோசித்துப் பாருங்கள், ஒரே பிளாக்கில் மூன்று சுப்பிரமணியம் இருப்பார்கள்.

தீர்ப்புத் தளமும் அப்படித்தான். நீதிபதி காரணங்களை எழுத்தில் வெளியிட்ட வழக்குகள்தான் அங்கே இருக்கும், பெரும்பாலும் மேல்முறையீடு போனவை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, வீட்டுக்குப் போனவருக்கு எழுத்துத் தீர்ப்பு இருக்காது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: பெயர் வரவில்லை என்றால் கேஸ் இல்லை என்று அர்த்தம் ஆகாது. கேஸ் இருந்தது என்றும் ஆகாது.

டிராபிக் கோர்ட் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பயப்படுகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அரசு நீதிமன்றத்தில், சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், மாலை நேரக் கோர்ட் உண்டு. அங்கே டிராபிக் வழக்குகள் வரும். வேலைக்குப் போகிறவர்கள் லீவு போடாமல் வரட்டும் என்பதற்காக மாலையில் வைத்திருக்கிறார்கள். என் தம்பிக்குத் துணையாக நான் போயிருந்தபோது பெஞ்சு முழுக்க வேலை உடுப்போடு ஆட்கள். டெலிவரிப் பையோடு ஒரு பையன், ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்த ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண். பெயர் கூப்பிடுவார்கள், குற்றச்சாட்டை வாசிப்பார்கள். தமிழில் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் நம் பக்கத்தில் வந்து நின்று சொல்லுவார். அந்தப் பெரியவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவர் கைகட்டி நின்று, "ஆமாங்கய்யா, நான்தான் ஓட்டினேன்" என்றார், முடிந்தது. கோர்ட் என்றதும் கொலைக் கேஸ் மாதிரி நம் ஊரில் பேசுகிறார்களே, அதற்காகத்தான் இதை எழுதினேன்.

ஆனால் போகாமல் இருந்துவிடக் கூடாது. வரச்சொன்ன நாளில் வராவிட்டால் பிடியாணை போடுவார்கள். சிறிய விஷயம் பெரிதாவது அங்கேதான்.


ஹமீது, உட்லண்ட்ஸ்:

ஜேபி (ஜோகூர் பாரு) பக்கம் ஓட்டியவரா என்றும் கேளுங்கள். இங்கே உள்ள புள்ளிக்கணக்கில் மலேசியச் சம்மன் வராது. போலீஸ் சம்மன் என்றால் மைபாயார் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம். சாலைப் போக்குவரத்து இலாகா, நகராண்மை பார்க்கிங் எல்லாம் தனித்தனி. அப்புறம் ஒரு எச்சரிக்கை: "உங்கள் சம்மன் நிலுவையில் உள்ளது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பி யாரும் அழுத்தாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து இங்கே அரசாங்க அமைப்புகள் பொதுவாக அனுப்பும் எஸ்எம்எஸ் எல்லாம் கவ் டாட் எஸ்ஜி என்ற ஒரே பெயரில்தான் வருகிறது. சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.


விமலா, பிடோக்:

எல்லாருக்கும் நன்றி. முருகையா அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் அவரை மறுபடி வரச்சொன்னேன். "அண்ணே, வேன் காப்புறுதிக்கு உங்கள் லைசென்ஸ் விவரம் பார்க்க வேண்டும், சிங்பாஸைத் திறந்து காட்டுகிறீர்களா" என்று கேட்டேன். நான் பயந்த மாதிரி முகம் ஒன்றும் சுருங்கவில்லை. "இதைக் கேட்காமல் சாவி கொடுக்கிறவங்களைக் கண்டால்தான்மா எனக்குப் பயம்" என்று சொல்லிக்கொண்டே திறந்தார். வகுப்பு 3, செல்லுபடியாகிறது. புள்ளி 0. நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். முன்பு வேலை பார்த்த இடத்தில் கம்பெனி வண்டிக்கு வேகச் சம்மன் வந்திருக்கிறது. நோட்டீஸ் அலுவலக மேசையிலேயே கிடந்து, ஓட்டியவர் பெயரை மிகத் தாமதமாகக் கொடுத்து, இவருக்குத் தெரிய வந்தபோது வேலையை விட்டு வீடும் மாறியிருந்தாராம். கடைசியில் கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம். போய் நின்று, அபராதம் கட்டிவிட்டு வந்தாராம். ரசீதையும் வைத்திருக்கிறார், பிளாஸ்டிக் உறையில் போட்டு.

அடுத்த திங்களிலிருந்து வருகிறார். நோட்டும் வாங்கிவிட்டேன், சணல் கயிறும் கட்டியாயிற்று. இன்னும் ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. இனி சம்மன் வந்தால் நான் கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதா?


முருகையா, துவாஸ்:

பிடிக்காதீர்கள். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு வேலைச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அந்தச் சிக்கலுக்குள்ளேயே போக வேண்டாம். வேகம், சிவப்பு விளக்கு மாதிரி ஓட்டியவர் மேல் வரும் சம்மனுக்கு அவர் பெயரைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் அவர் பெயருக்கே வரும், அவரே கட்டுவார், புள்ளியும் அவருக்குப் போகும். நீங்கள் பரிதாபப்பட்டு உங்கள் பெயரிலேயே வாங்கிக்கொண்டால் புள்ளி உங்கள் லைசென்ஸில் ஏறும். அது தெரிந்தே செய்கிற பொய்த் தகவல். அதற்கும் தண்டனை இருக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் வரும் சம்மன்தான் பேச வேண்டியது. அது வண்டி நம்பர் மேல் வரும், அநேகமாக நீங்கள்தான் கட்டுவீர்கள். முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களிடம் இருந்த கணக்கு இதுதான்: சாமான் இறக்க இடமே இல்லாத பிளாக்குக்கு நான் அனுப்பி அங்கே சம்மன் வந்தால் நான் கட்டுவேன். தே தாரிக் குடிக்க நிறுத்திய இடத்தில் வந்தால் அவர் கட்டுவார்.